அவன் பெயரில் என் ரத்தம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மொட்டைமாடிக் குழாயில் அடைப்பு. எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு டாக்டர்.

நான், கிரேஸ், ஜோயல். மூவரும் ஒரே ஆட்டோவில், பையன் நடுவில். போன வருஷம் அவன் நடுவில் உட்கார்ந்தால் ஓரத்தில் இருக்கிறவன் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும். இன்று மூவர் உட்கார்ந்தும் இடம் மிச்சம். கிரேஸும் அதைக் கவனித்தாள். பையை மடியிலிருந்து எடுத்து அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் பத்மஜா. குடல் வைத்தியம். இந்த ஊர்த் தெலுங்குக்காரர்தான், ஆனால் மதுரையில் படித்ததால் தமிழ் நன்றாகவே வருகிறது. சிரித்த முகம். சிரிக்கிற டாக்டர் என்றாலே எனக்குக் கொஞ்சம் யோசனை.

உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததில் சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் புண்ணாம்.

"ரெண்டுல ஒண்ணு சார். குடல் டிபி. இல்லன்னா கிரான்ஸ்னு ஒரு நோய், உடம்பு தன் குடலைத் தானே புண்ணாக்கிக்கறது. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். சதை எடுத்து அனுப்பியாச்சு. அதுல டிபி கிருமி வளருதான்னு தெரிய வாரக்கணக்குல ஆகும்."

"மாத்திக் கொடுத்துட்டா?" என்றேன்.

"கிரான்ஸுக்கு ஸ்டீராய்டு கொடுப்போம். டிபி இருக்கற உடம்புல ஸ்டீராய்டு போச்சுன்னா டிபி கட்டு மீறிப் பரவும். உயிருக்கே ஆபத்து. அதான் நான் அவசரப்படல."

சிரிப்பு இல்லாமல் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட் இருக்கிறதே, கிரான்ஸ் உள்ள பல பேருடைய ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்குமாம். இருந்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயலாமாம். "இது மட்டும் வெச்சு முடிவு சொல்ல மாட்டேன் சார். மத்ததுக்கெல்லாம் ஒரு துணை, அவ்வளவுதான்."

முடிவு சொல்லாத டெஸ்ட் எதற்கு? எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் வேலைக்காலம் முழுக்கத் தரப்பரிசோதனையில் இருந்தவன் நான். பாஸா ஃபெயிலா என்று சொல்லாத மீட்டரை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

ஆட்டோவில் கிரேஸ்: "ஏங்க, அப்போ இனிமே பன்னு, ரொட்டி ஒண்ணும் வாங்கப்படாதோ?"

ஜோ.: "மம்மி. ப்ளீஸ்."

வீட்டுக்கு வந்ததும் முழு ரொட்டி பாக்கெட்டையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள்.

ஜூலை 9, புதன்

வெயில். குழாய் அடைப்பு எடுத்தேன். செத்த புறா.

ஆஸ்பத்திரி லேபில் ஜோ. ரத்தம் கொடுத்தான். நான் கூடவே நின்றேன். ட்யூபில் ஒட்டிய பெயரைப் படித்தேன். ஊசி குத்தியவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும்.

என் சந்தேகங்கள்:
டாக்டர் எழுதுவது, அவர்கள் லேபிலேயே எடுப்பது. ஒரே கடை.
ஈஸ்ட்டுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு "அது முழுசா தெரியாது சார்" என்றார். தெரியாததற்கு எப்படி பில் போடுகிறார்கள்?
ரத்தம் உண்மையில் மிஷினுக்குப் போகிறதா?

கடைசியது என் கண்டுபிடிப்பு இல்லை. பக்கத்து வீட்டு ராவ்காரு, கேட்டருகே: "அந்தா மோசம் சார். ரக்தம் ஸிங்க்ல போஸேஸ்தாரு." எல்லாம் மோசடி, ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு மனம்போல் நம்பர் அடிப்பார்களாம். அவர் பட்டாளத்தில் இருந்தவர். சும்மா சொல்ல மாட்டார்.

மதியம் ஜோ. தயிர்சாதம் பாதிதான் சாப்பிட்டான். லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு சாய்ந்தபடியே வேலை பார்க்கிறான். அந்தச் சூடு வலிக்கு இதமாக இருக்கிறதாம்.

ஜூலை 10, வியாழன்

யோசித்து யோசித்து ஒரு வழி கிடைத்தது.

ஃபாக்டரியில் ஒரு பழக்கம். டெஸ்ட் செய்கிற ஆள் ஒழுங்காகச் செய்கிறானா என்று எப்படித் தெரியும்? நல்லது என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பீஸை, சொல்லாமல் அவன் தட்டில் கலந்துவிடுவோம். அதை அவன் ஃபெயில் என்று எழுதினால் ஆள் சரியில்லை, அல்லது மிஷின் சரியில்லை. எத்தனை பேரை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்.

நல்ல பீஸ் வீட்டிலேயே இருக்கிறது. நான். இந்த வயதிலும் கல்லைத் தின்றால் செரிக்கும்.

ஆஸ்பத்திரி லேபில் முகம் தெரியும். அதனால் டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு ஏ.எஸ்.ராவ் நகரில் உள்ள வேறு லேபுக்குப் போனேன். இந்த டெஸ்ட் என்ன லட்சணத்தில் நடக்கிறது என்று தெரிய ஒரு லேப் போதும்.

கவுண்டரில் ஒரு பெண். பேஷண்ட் பேர் என்ன என்றாள். ஜோயல் என்றேன். வயசு? இருபத்துமூன்று. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடித்துக்கொண்டாள். என் தலையில் கறுப்பு முடி என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. சீட்டைப் பார்த்து டாக்டர் பெயரையும் அடித்தாள். என் ஃபோன் நம்பரைக் கொடுத்தேன்.

ஊசி குத்தினவனும் கேட்கவில்லை. இந்த அழகில் நடக்கிறது.

கிரேஸிடம் சொல்லவில்லை. சொன்னால் ஜெபக்குழு முழுக்கத் தெரிந்துவிடும்.

வரும்போது கொய்யா வாங்கினேன். ஜோயலுக்கு விதை ஆகாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

போனாலு, இந்த ஊர் அம்மன் திருவிழா. மெயின் ரோட்டில் தடுப்பு, பாதி ஊரைச் சுற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனோம். ஆராதனை தொடங்கிவிட்டிருந்தது. வெளியே தப்புமேளம், உள்ளே ஆர்கன்.

இரண்டாம் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது ஜோ. எழவில்லை. முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். கழுத்து எலும்பு தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகிறேன், யாரிடமும் சொல்லப்போவதில்லை: பையன் பிழைக்க மாட்டானோ என்று பயமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் ஒருத்தி கிரேஸிடம், "ஜிம்முக்குப் போறானா? ஸ்லிம் ஆயிட்டான்" என்றாள். கிரேஸ் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே நாளில்.

ஆஸ்பத்திரி லேப், ஜோயலின் ரத்தம்: நெகட்டிவ்.
ஏ.எஸ்.ராவ் நகர் லேப், என் ரத்தம், அவன் பெயரில்: பாசிட்டிவ். கொஞ்சநஞ்சம் இல்லை. டெஸ்ட்டில் பார்த்த இரண்டு வகை ஆன்டிபாடியிலும் தூக்கலாகப் பாசிட்டிவ்.

பிடித்தேன்! கல்லைத் தின்று செரிக்கிறவனுக்குக் கிரான்ஸாம்! ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பல நாளைக்குப் பிறகு நல்ல பசி. மூன்று தோசை.

கிரேஸ்: "என்ன, முகமெல்லாம் சிரிப்பு?"
"சும்மா."
"சும்மாவா? பையன் அங்க வலில சுருண்டு கெடக்கான், இங்க இவருக்குச் சும்மா சிரிப்பு வருது."

நாளை டாக்டரிடம் இதைச் சொல்லலாமா, இன்னும் கொஞ்சம் ஆறப்போடலாமா? அவர் என்ன சொல்கிறார் என்று முதலில் கேட்போம். லேபின் மேல் ஒரு புகார் எழுத வேண்டும். வாசகம் மனதில் தயார்.

ஜூலை 16, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். திரையில் இரண்டு ரிப்போர்ட்டும். இரண்டாவதை நான் காட்டவே இல்லை. சீட்டில் அவர் பெயர் இருந்ததால் அந்த லேப் அவருக்கே நேராக அனுப்பியிருக்கிறது. ஜோயல், ஆண், இருபத்துமூன்று.

"ரெண்டு லேப்ல எடுத்தீங்களா சார்?"

"ஒரு கிராஸ்-செக்குக்கு" என்றேன். பொய் இல்லை. ஆனால் பொய்.

"நல்லதுதான். ஒரு லேபோட கிட்ல தெரியாதது இன்னொண்ணுல தெரியலாம். இங்க ரெண்டு வகையும் இவ்வளவு தூக்கலா இருக்கு. வயித்துக்கு எடுத்த ஸ்கேனும் அந்தப் பக்கம்தான் காட்டுது. டிபிக்கு எடுத்த சீக்கிர டெஸ்ட்டும் நெகட்டிவ். பையன் நாளுக்கு நாள் இளைக்கறான். கிருமி வளருதான்னு பாக்கற கல்ச்சர் வர்ற வரைக்கும் காத்திருக்க எனக்கே பயமா இருக்கு. கிரான்ஸுன்னு வெச்சு ஸ்டீராய்டு ஆரம்பிச்சுடலாம்."

வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. ஒரு பக்கம் கிரேஸ், கண்ணெல்லாம் தண்ணீர், கடைசியில் ஒரு பெயர் கிடைத்துவிட்டதே என்று. இன்னொரு பக்கம் ஜோ., "ஓகே டாக்டர்" என்கிறான். இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது, அது என் ரத்தம் என்று? திருட்டுத்தனமாகப் போய்ப் பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று?

சீட்டை வாங்கிக்கொண்டேன். கீழே மருந்துக்கடையில் மாத்திரையும் வாங்கினேன். என் கையால்.

ஆட்டோவில்தான் உறைத்தது. தட்டில் கலக்கிற பீஸுக்கு ஃபாக்டரியில் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்போம், டெஸ்ட் முடிந்ததும் நாமே தேடி வெளியே எடுத்துவிடுவதற்கு. எடுக்காவிட்டால் அது சரக்கோடு சரக்காகப் போய்ச் சேர்ந்துவிடும். புதிதாக வருகிற ஆளுக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற பாடம். நான் பொட்டு வைக்கவில்லை.

காலை டிபனுக்குப் பிறகு முதல் மாத்திரை. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அல்லது: டாக்டர் சொன்ன மாதிரி ஸ்கேனும் அதைத்தானே காட்டுகிறது? ஒருவேளை கிரான்ஸேதானோ? அப்படியானால் சொல்லாமலே விட்டாலும்...

மேலே இருக்கிற வரியை அடிக்காமல் விடுகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு இருக்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

இட்லி. மேஜையில் மாத்திரை, ஒரு சின்னத் தட்டில். தண்ணீர்.

கிரேஸ் ஜெபம் பண்ணாமல் எதையும் ஆரம்பிக்க விடமாட்டாள். கண்ணை மூடச் சொன்னாள். மூடினோம்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. எங்க பிள்ளைக்கு இன்ன நோயின்னு தெரியாம தவிச்சுக் கெடந்தோம். மொத ரிப்போர்ட்டு ஒண்ணுமே இல்லன்னு சொல்லுச்சு. நீர் எங்களைக் கைவிடலையே அப்பா. ரெண்டாவது ரிப்போர்ட்டு மூலமா வழி காட்டினீரே. அதை எடுக்கணும்னு இவருக்குப் புத்தி கொடுத்தீரே. ஸ்தோத்திரம்..."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ஜோ. கண் மூடியிருந்தான். உள்ளங்கையில் மாத்திரை.

ஆமென் என்றாள். அவன் ஆமென் என்றான். எனக்கு வாய் வரவில்லை.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? ஆமென் சொல்லுங்க."

"எல, அதைக் கீழ வை" என்றேன். "அது என் ரத்தம்."

இரண்டு பேருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். ஏ.எஸ்.ராவ் நகர், கவுண்டர், ஜோயல் என்று பெயர் கொடுத்தது, லேபைச் சோதிக்கத்தான் என்று. எல்லாம் கோர்வை இல்லாமல் வந்தது.

ஜோ. மாத்திரையைத் தட்டில் வைத்தான். சாஃப்ட்வேர் டெஸ்டிங் அவன் வேலை. அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு வந்தபோது "நானும் உங்க லைன்தான் டாடி" என்று சொன்னவன். அவனுக்குத்தான் முதலில் விளங்கியது.

"டாடி, டம்மி டேட்டாவ லைவ்ல போட்டுட்டீங்க."

"என்னது?"

"டெஸ்ட்டுக்குன்னு பண்ணின பொய் டேட்டாவ நிஜ கஸ்டமர் ரெகார்ட்ல விட்டுட்டீங்க. எங்க ஆபீஸ்ல இதுக்கு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்க." சிரிக்கிறானோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "நேத்து டாக்டர் சொன்னப்பவே தெரியுமில்ல உங்களுக்கு? கைக்கு டாடி? ஏன் சும்மா இருந்தீங்க?"

மனசு கலங்கினால் எங்கள் வீட்டில் இந்த ஊர் உருது வந்துவிடும்: ஏன் என்பது கைக்கு, வேண்டாம் என்பது நக்கோ, ஆமாம் என்பது ஹவ்.

எழுந்து சமையலறைக்குப் போன கிரேஸ் வாசலில் நின்று திரும்பினாள். "நீங்க பண்ணுன பித்தலாட்டத்துக்கு என்னை ஆண்டவருக்கு நன்றி சொல்ல வெச்சிட்டீங்களே."

அதே நாள், மதியம்

டாக்டரிடம் போனேன். தனியாக. ஜோ. வரவில்லை என்று சொல்லிவிட்டான். ஓ.பி. முடிகிற வரை காத்திருந்து உள்ளே போனேன்.

சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரை உள்ள போச்சா?"

"இல்ல."

நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நேத்து கிராஸ்-செக்னு சொன்னீங்களே. யாரை செக் பண்ணினீங்க?"

"லேபை."

"லேபை மட்டுமா?"

"உங்களையும்தான்" என்றேன். இனிமேல் மறைத்து என்ன. ராவ்காருவின் தொட்டி, ஃபாக்டரியின் நல்ல பீஸ், எல்லாம் சொன்னேன்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம்தான், ஆனால் சத்தம் இல்லை.

"உங்களை நல்ல பீஸ்னு யார் சொன்னா சார்?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த லேப் பேரைச் சரிபாக்கல, அது தப்பு. ஆனா ரத்தத்தைத் தொட்டியில ஊத்தலை. உங்க ரத்தத்துல இருந்ததைத்தான் எழுதியிருக்காங்க. ஒரு நோயும் இல்லாம நடமாடறவங்க சில பேருக்கும் இந்த ஆன்டிபாடி இருக்கும். டிபிக்காரங்களுக்கும் இருக்கலாம். கிரான்ஸ் இருந்தும் சில பேருக்கு இருக்காது. அதனாலதான் மொத நாளே துணைக்குத்தான்னு சொன்னேன்." திரையைப் பார்த்துக்கொண்டே, "நானும் அந்தத் துணையைக் கொஞ்சம் கூடுதலா நம்பிட்டேன். அது என் தப்பு" என்றார்.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு அவமானமாகிவிட்டது.

அப்படியானால் எனக்குக் கிரான்ஸா என்று கேட்டேன். "உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?" இல்லை என்றேன். "அப்போ வீட்டுக்குப் போங்க."

ரிப்போர்ட்டை ஜோயலின் ஃபைலிலிருந்து எடுத்துவிட்டார். ஸ்டீராய்டு வேண்டாம். கல்ச்சர் வருகிற வரை வலிக்கு மாத்திரை, சத்துப் பவுடர், வாராவாரம் எடை. "இனிமே ஃபைலை ஜோயலே வெச்சுக்கட்டும்" என்றார்.

ஜூலை 19, சனி

மழை. கிரேஸ் பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வருகிறது, ஆள் வருவதில்லை.

பீரோவில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை ஜோ. தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எதுக்குல?" என்று கேட்கக்கூட இல்லை.

ராவ்காரு கேட்டருகே பிடித்துக்கொண்டார். லேப் விஷயம் என்ன ஆயிற்று, நான் சொன்னது சரிதானே என்றார். இல்லை, ஊற்றவில்லை என்றேன். நம்பவில்லை.

ஜூலை 28, திங்கள்

எடை இன்னும் குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கிரேஸ் இன்று பேசினாள். "ஸ்டீராய்டு கொடுத்திருந்தா இந்நேரம் தேறியிருப்பானோ என்னமோ." அவ்வளவுதான். ஒருவேளை அதுவும் உண்மையாக இருக்கலாம். நான் சொன்னதால் வைத்தியம் நின்றது. சொல்லாமல் இருந்திருந்தால் தப்பு. சொன்னதால் அவன் வலியில் கிடக்கிறான். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்துகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கல்ச்சர் வந்துவிட்டது. டிபி. கிருமி வளர்ந்திருக்கிறது, சந்தேகமே இல்லையாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஹாலில் கிரேஸின் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜோ. அம்மாவுக்குத்தான் கூப்பிட்டான். கிரேஸ் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நக்கோடா, அழாத. அழாத. குணமாயிரும்னுதானே சொல்லுதாங்க." அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

ஃபோனை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அந்த மாத்திரை உள்ள போயிருந்தா."

நான் குளியலறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதேன். அவன் உயிருக்குக் குழி வெட்டினவனும் நான்தான், ஓடிப்போய் மூடினவனும் நான்தான். மூடியதற்காக யாராவது நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்க்கிறேன், வெட்கம் இல்லாமல்.

வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வானம் வெளுத்திருக்கிறது. டிபி மருந்து இன்று ஆரம்பம். சர்க்கார் கொடுக்கிற மாத்திரை, மாதக்கணக்கில், ஒரு நாள்கூட விடக்கூடாது. வெறும் வயிற்றில். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிரேஸ் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள்.

ஜெபம் இன்று சின்னதாக. யாருக்கு எதற்கு நன்றி என்று விவரம் ஒன்றும் இல்லை. ஆமென் சொன்னேன்.

இன்றைக்குரிய மாத்திரைகளை அட்டையிலிருந்து நான்தான் பிரித்தேன். தண்ணீர் டம்ளரும் மாத்திரையுமாக நீட்டினேன். ஜோ. மாத்திரையை வாங்கவில்லை. "அட்டையைக் கொடுங்க டாடி" என்றான். கொடுத்தேன். ஃபோனில் டாக்டர் அனுப்பிய சீட்டைத் திறந்தான். அட்டையில் இருந்த மருந்துப் பெயரைப் படித்தான், திருப்பிப் பின்பக்கம் படித்தான், என் கையில் இருந்த மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தான். கிரேஸ் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

"என்னல, என்மேல சந்தேகமா?" என்றேன். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

"ஹவ் டாடி" என்றான்.

என் உள்ளங்கையிலிருந்து மாத்திரைகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குக் கையை நீட்டினான்.